ஐந்து கட்டைக்குச் சற்று மேலே

சயானுக்குப் பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று மும்பைத் தமிழர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். "இன்னிக்கு யார் கச்சேரி?" என்பார். எங்கே என்று கேட்கமாட்டார். சயான் கிழக்கில் பாட்டு என்றால் சண்முகானந்தாதான். 1952இல் தொடங்கிய சபா, 1963இல் திறந்த அரங்கம். 1990இல் தீக்கு இரையாகி, 1998இல் புதுப்பித்து மறுபடி திறந்தார்கள். 2,763 இருக்கைகள். மேல் மாடத்தில் இடம் கிடைத்தால் பாடுகிறவரின் முகம் தெரியாது, மூக்குத்தி மின்னுவது தெரியும். அதற்காக நான் அந்த அரங்கத்தைக் குறை சொல்லமாட்டேன். மாட்டுங்கா, செம்பூர், சயான் என்று பரவிய தமிழர்கள் தங்கள் காதுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக் கட்டிக்கொண்ட பெரிய வீடு அது.

நான் போனது அங்கே இல்லை. ரயில் பாதைக்கு மேற்கே, தாராவியில், தோல்பை தைக்கும் ஒரு காலாவின், அதாவது பட்டறையின், மேல்மாடி அறைக்கு.

சித்தி மகன் சயானில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவில் வரிசையில் நின்று இட்லி சாப்பிட்டது, பூக்கடை, வெற்றிலை, வாழைப்பூ எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அவற்றை எழுதாத ஆள் பாக்கி இல்லை. சாயங்காலம் அவன்தான், "அண்ணே, நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் பியானோ வச்சுக்கிட்டுத் தானே பாட்டு எழுதிப் பாடுறான், வாறீங்களா?" என்று கூப்பிட்டான். நம்ம ஊர் என்றால் திருநெல்வேலி. பையன் பிறந்தது சயான் ஆஸ்பத்திரியில். தாராவியில் மூன்று தலைமுறைக்குப் பிறகும் ஊர் என்று கேட்டால் நாங்குநேரிப் பக்கம், தென்காசிப் பக்கம் என்றுதான் பதில் வருகிறது.

சயான் ஸ்டேஷனுக்கு மேலே போன, நூறாண்டு கண்ட சாலை மேம்பாலத்தை 2024 ஆகஸ்டில் வண்டிகளுக்கு அடைத்துவிட்டு இடிக்கத் தொடங்கியதிலிருந்து கிழக்கும் மேற்கும் தூரமாகிவிட்டன என்று எல்லோரும் புலம்புகிறார்கள். நடந்து போகிறவனுக்கு அவ்வளவு வித்தியாசம் இல்லை. நடைமேம்பாலம் ஏறி இறங்கி, 90 அடிச் சாலைப் பக்கம் திரும்பினால் கடைப் பலகைகளில் தமிழ் வந்துவிடுகிறது. கொழுக்கட்டையும் முறுக்கும் விற்கிற கடைக்குப் பக்கத்தில் ஒரு சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன் முடிவில் இரும்பு ஏணி. செங்குத்து. ஏணியோடு ஒரு கயிறு தொங்குகிறது, அதைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். ஏறினால் தலை முதலில் அறைக்குள் நுழைகிறது, அப்புறம் மீதி ஆள். கச்சேரிக்கு இப்படி நுழைவதில் ஒரு சௌகரியம்: எல்லோரும் எல்லோரையும் பார்த்து "வாங்க" என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

முப்பது பேர் இருப்பார்கள். பாய், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலி ஆச்சிகளுக்கு. பியானோ என்றானே தவிர, இருந்தது 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு. அந்த ஏணியில் பியானோவை எந்தச் சாமி ஏற்றும்? அயர்னிங் பலகை மாதிரி எக்ஸ் வடிவ ஸ்டாண்டு, காலுக்குக் கீழே ஒரு பெடல், அது நழுவாமல் இருக்கத் தரையில் தோல் துண்டு ஒட்டியிருந்தது. கீழே காலாவில் ஆர்டர் முடியவில்லை. தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பாடுகிற தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பகலில் ஒரு கணக்கு ஆபீசில் வேலை. விரலைக் கட்டையில் வைத்து ஒரு சுரத்தை அழுத்தினார், காது கொடுத்தார், கொஞ்சம் ஏற்றினார். "டியூப்லைட்டே சுருதி போடுது, அண்ணாச்சி. அதோட சண்டை போட முடியாது" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிக்கிறது. பழைய டியூப்லைட் சோக்கும் கீழே ஓடும் மோட்டாரும் அதைத்தான், அல்லது அதன் இரட்டிப்பைத்தான் முனகும். ஆர்மோனியக் கணக்கில் அது ஐந்து கட்டைக்குச் சற்று மேலே விழுகிறது. மைக் இல்லாத காலத்து நாடக நடிகர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று பிடித்த உச்சியும் இந்தப் பக்கம்தான். தம்பிக்கு அந்தக் குரல் கிடையாது. அவர் அதைப் பஞ்சமமாக வைத்துக்கொண்டு, ஒரு கட்டையில் பாடினார். கீபோர்டை அந்த இரைச்சலுக்கு நூல் அளவு ஏற்றிவைத்துக்கொண்டார். அறை முழுவதும் ஒரு தம்பூராவுக்குள் உட்கார்ந்துவிட்டது.

கீபோர்டில் தயாராக இருக்கும் தாளத்தை அவர் தொடவே இல்லை. அந்தப் பித்தானை அமுக்கினால் கல்யாண மண்டபத்து வாடை வந்துவிடும், நல்லவேளை. பியானோ ஒலி மட்டும். இடது கை கார்டு பிடிக்க, வலது கை பாட்டுக்கு முன்னால் ஓடாமல் பின்னால் வந்தது. பியானோக் கட்டையில் கமகம் வராது என்பது பழைய வழக்கு. அந்த வழக்கில்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்து 1971 வரை உள்ளே விடவில்லை. சிக்கில் குருசரணோடு அனில் சீனிவாசன் பியானோ வாசிப்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: அசைவைக் குரல் பார்த்துக்கொள்ளும், கட்டை அதற்கு இடம் விட்டால் போதும். இந்தத் தம்பிக்கு அது இன்னும் சுலபம். குரலும் விரலும் ஒரே ஆள். மூச்சு வாங்கவேண்டிய இடம் கைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

பாட்டுகள்? தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த கொள்ளுத்தாத்தா பற்றி ஒன்று. நாற்றத்தை மறைக்க அவர் என்ன புகையிலை போட்டார் என்பதுதான் பல்லவி. விடிவதற்கு முன்னால் தாராவியின் அடுப்புகளில் வெந்து, சைக்கிளில் ஏறி, நகரம் முழுவதும் போகும் இட்லி பற்றி ஒன்று. அதில் பாதி இந்தி, கொஞ்சம் மராத்தி. தமிழ் சுத்தமாக இல்லையே என்று யாரும் அங்கே கவலைப்படவில்லை, நானும் படவில்லை. காதல் பாட்டுகள் இரண்டும் சுமார். வேறு யாரோ எழுதிய சினிமாப் பாட்டு போலவே இருந்தன. சொந்தக் காதலாக இருந்தாலும் வார்த்தை இரவல்.

எங்கே கற்றீர்கள் என்று இடையில் கேட்டேன். சர்ச்சில் என்றார். கேட்டிருக்கவே வேண்டாம். தென்மாவட்டத்துக் கிறித்தவக் குடும்பம், கீபோர்டு, வேறு எங்கே? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக மெட்டில் தன் கீர்த்தனைகளை எழுதித் தானே பாடி ஊர் ஊராகப் போனவர். தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் இசை ஆராய்ச்சி நூலைப் போட்டவர் என்றுதான் புத்தகங்கள் சொல்லும். அவரும் கீர்த்தனை எழுதி மெட்டுப் போட்டவர்தான். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் அடுத்த வாரப் பாட்டை யாராவது எழுதியாகவேண்டும் என்ற நிலைமை இருந்தால் பாட்டெழுதுகிறவர்கள் உண்டாகிவிடுகிறார்கள்.

மேற்கு நாடுகளில் பியானோவோடு தானே எழுதிப் பாடும் இந்த வகை ஆளுக்குப் பெயர் பெற்ற வரிசையே இருக்கிறது. கரோல் கிங், பில்லி ஜோயல். லாஸ் ஏஞ்சல்ஸில் ட்ரூபடோர் என்ற சின்ன கிளப்பில் 1970 ஆகஸ்டில் பாடித்தான் எல்ட்டன் ஜானை அமெரிக்கா தெரிந்துகொண்டது. (அவருக்கு வரி எழுதியவர் பெர்னி டாப்பின். அதனால் என் கணக்கில் அவர் முக்கால் ஆள்.) நம்மிடம் அப்படி இல்லை என்று நினைப்பது சினிமா கொடுத்த பழக்கம். வரி ஒருவர், மெட்டு ஒருவர், குரல் இன்னொருவர், உதடு வேறொருவர் என்று நாம் பங்கு பிரித்துவிட்டோம். சபாவிலோ, எழுதிப் பாடியவர்களாகிய மும்மூர்த்திகளை மற்றவர்கள் வழியாக இருநூறு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் என்ன செய்தார்? ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் தானே கட்டிய பாட்டைத் தானே பாடினார். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நடுவே, கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக அவர் பாடிய பாட்டுகள் அந்த வெற்றியோடு சேர்த்தே இன்றும் பேசப்படுகின்றன. அவருடைய தம்பிகளில் ஒருவர்தான் இளையராஜா என்பதால் அண்ணனுடைய பெயர் நமக்குத் தெரிகிறது. தம்பி அப்படி ஆகியிருக்காவிட்டால்? எத்தனை பாவலர்கள் அப்படி மேடையோடு போனார்களோ. தாராவியில் இன்று அந்த வேலையைச் செய்கிறவர்களில் முக்கால்வாசி ராப் பாடுகிறவர்கள். டோப்படெலிக்ஸ், செவன் பண்டாய்ஸ் குழுக்களில் தமிழ் வருகிறது, 2018இல் பா. இரஞ்சித்தின் 'காலா'வில் சந்தோஷ் நாராயணன் தாராவிக் குரல்களைச் சேர்த்துக்கொண்டார். பையன் அவர்களோடும் பாடிப் பார்த்திருக்கிறார். "அதுல வேகம் வேணும் அண்ணாச்சி. எனக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்லணும்" என்றார்.

நிறுத்தி நிறுத்தித்தான் பாடினார். சின்ன அறையில் அதற்கு வேறு ஒரு பலன் உண்டு. பெரிய அரங்கத்தில் கை தட்டுவோம், இல்லாவிட்டால் எழுந்து போவோம்; நடுவில் ஒன்றும் கிடையாது. இங்கே வரிக்கு வரி பதில் வந்தது. கொள்ளுத்தாத்தா புகையிலைக்கு ஒருவர், "அது புகையிலை இல்லடே, மூக்குப்பொடி" என்றார். தம்பி சிரித்துக்கொண்டே விரலை எடுக்காமல் அடுத்த அடிக்குப் போனார்.

எட்டரை மணிக்குக் கீழே மிஷின் நின்றது. கட்டிங் சாய் வந்தது. டிக்கெட் கிடையாது, ஒரு எவர்சில்வர் தட்டு சுற்றி வந்தது, நோட்டைப் போட்டோம். பேச்சு வழக்கம்போல தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்குப் போனது. தரைத்தளத்தில் 2000 ஜனவரிக்கு முன்னாலிருந்தே குடியிருக்கிறவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு, தாராவிக்கு வெளியே வாடகைத் திட்டம். அந்த அறையில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் பலர் மாடிக்காரர்கள். அறையும் மாடி. சர்வே எடுக்க வந்தவர்கள் ஏணியில் ஏறி எண் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கதவுக்கு மேலே பெயின்ட் இருந்தது. "புதுக் கட்டடத்துல லிப்ட் இருக்கும், பியானோவே ஏத்தலாம்" என்று சித்தி மகன் சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே போய்ச் சேருவோமா என்பதுதான் கேள்வி.

கடைசியாகத் தண்ணீர்ப் பாட்டு. குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் குழாயடியில் காத்திருந்த பெண்களைப் பற்றியது. நாலு மணிக்குத் தண்ணீர் வருகிற கட்டத்தில் பெடலை மிதித்து, நாலு கார்டுகளைப் பெரிதாகத் திறந்தார். உண்மையிலேயே நல்ல இடம். நாற்காலியிலிருந்த ஆச்சி கையைத் தூக்கினாள்.

"நாலு மணி யாருலே சொன்னா? மூணரைக்கு வரும். நாலுக்கு நின்னுரும்."

தம்பி நிறுத்தினார். மூணரை மணிக்கு என்று பாடிப் பார்த்தார். ஓர் எழுத்து கூடிப்போய் முதல் கார்டில் தட்டியது. இழுத்துப் பார்த்தார், சேர்த்து முழுங்கிப் பார்த்தார். "ஆச்சி, தாளம் உதைக்குது" என்றார்.

"உதைச்சா உதைக்கட்டும். அந்த அரைமணி நேரம் தூங்காம நின்னது நான்லா."