கடல் தாண்டி வந்த தமிழ்

துணுக்கு என்றாலே பலருக்கு இளக்காரம். வார இதழில் கட்டுரை முடிந்து எஞ்சிய இடத்தை நிரப்ப உதவும் சிறு செய்திதானே, படித்ததும் மறக்க வேண்டியதுதானே என்பர். "இவற்றையெல்லாம் நெஞ்சில் சுமந்து என்ன பயன்? தேர்வில் வருமா?" என்று என் அறைத்தோழர் கேட்பதுண்டு. அறிவியல் மாணவனாகிய நான் அவருக்குச் சொல்லும் விடை ஒன்றே. மண்ணில் கிடைத்த எலும்புத் துண்டுகளைக் கொண்டு அழிந்துபோன விலங்கின் உருவத்தையே அமைத்துக் காட்டுகிறார்கள் அன்றோ? துணுக்கும் அத்தகைய எலும்புத் துண்டுதான். வானொலியைப் பற்றிய சில துணுக்குகளை இங்கே அடுக்குகிறேன். அவற்றிலிருந்து எழும் உருவத்தை நீங்களே காண்பீர்கள்.

முதல் துணுக்கு பிரிட்டனைப் பற்றியது. 1959 முதல் 1967 வரை பி.பி.சி. தொலைக்காட்சியில் 'ஜூக் பாக்ஸ் ஜூரி' என்றொரு நிகழ்ச்சி நடந்தது. புதிய இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிடுவார்கள். நடுவர் குழு தீர்ப்புக் கூறும். பாட்டு வெற்றி என்றால் மணி ஒலிக்கும். தோல்வி என்றால் ஊதல் அலறும். 1963 டிசம்பரில் பீட்டில்ஸ் நால்வருமே நடுவர்களாக அமர்ந்தனர். இதனை நடத்திய டேவிட் ஜேக்கப்ஸ் தம் குரலைப் பழக்கிய இடம் இலண்டன் மட்டுமன்று, இலங்கையும்கூட! இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவில் இருந்த தம் படைவீரர்களுக்காகப் பிரிட்டிஷார் இலங்கையில் 'ரேடியோ சியாக்' என்னும் நிலையத்தை அமைத்தனர். அங்கே தலைமை அறிவிப்பாளராக இருந்தவர் இந்த ஜேக்கப்ஸ். போர் முடிந்தபின் அந்நிலையமும் அதன் வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பியும் இலங்கை அரசின் கைக்கு வந்தன. போருக்கென எழுந்த கருவி பாட்டுக்குப் பயன்பட்டது. காலத்தின் கோலத்தை என்னென்பது!

இரண்டாம் துணுக்கு தடையைப் பற்றியது. 1952இல் நம் நாட்டின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கும் என்று கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின. மக்கள் பாட்டை விட்டார்களா? இல்லை, நிலையத்தை மாற்றினார்கள். 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலியின் பக்கம் இந்தியாவே செவி சாய்த்தது. இந்தியில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' கொடிகட்டிப் பறந்தது. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி திலையா என்னும் சிற்றூர், நேயர் விருப்பக் கடிதங்களாலேயே நாடறிந்த ஊராயிற்று. தமிழில் மயில்வாகனம் என்ற பெயர் வீட்டுப் பெயராயிற்று. இறுதியில் 1957 அக்டோபர் 3ஆம் நாள் நம் அரசே 'விவித பாரதி'யைத் தொடங்க நேர்ந்தது.

பிரிட்டனிலும் இதே கதைதான். பி.பி.சி. அளந்து அளந்து வழங்கிய பாப் இசை போதாமல், இளைஞர்கள் இரவில் ரேடியோ லக்சம்பர்க்கைத் தேடினர். 1964இல் 'ரேடியோ கரோலின்' கடலில் நிறுத்திய கப்பலிலிருந்தே பாடத் தொடங்கியது. 1967 ஆகஸ்டில் சட்டம் அதனைத் தடுத்தது. ஆனால் அடுத்த மாதமே பி.பி.சி. பாப் இசைக்கென்று 'ரேடியோ 1' திறந்தது. அதன் முதல் குரலாக ஒலித்தவர் முன்னாள் கப்பல் வானொலிக்காரரான டோனி பிளாக்பர்ன்! செவிக்குப் பூட்டுப் போட்டால் அது கடல் கடந்து போய்விடும் என்பதை இரண்டு அரசுகளும் பத்தாண்டு இடைவெளியில் கற்றுக்கொண்டன.

மூன்றாம் துணுக்கு என் பாடத்தைச் சேர்ந்தது. லக்சம்பர்க் ஏன் இரவில் மட்டும் பிரிட்டனில் நன்றாகக் கேட்டது? பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலைகளை விழுங்கிவிடும். கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு மறையும். அலைகள் மேலடுக்குகளில் பட்டுத் திரும்பித் தொலைவில் இறங்கும். அத்தகைய அடுக்கு உண்டென்று 1924 டிசம்பரில் ஆப்பிள்டன் செய்துகாட்டினார். பி.பி.சி.யின் போர்ன்மத் நிலையம் அன்றைய நிகழ்ச்சிகளை முடித்தபின் அதன் அலைகளையே அவர் சோதனைக்குப் பயன்படுத்தினார். 1947இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. நம் வளாகத்துக்கு அருகிலுள்ள தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ராக்கெட் எழுந்ததே, அவ்விடத்தைத் தேர்ந்ததும் காந்த நடுக்கோடு அதன் மேலே செல்வதால், இந்த உயர் வானத்தை ஆராய்வதற்கு அது ஏற்ற இடம் என்பதால்தான். அறிஞர் ராக்கெட் விட்டு ஆராய்ந்த அதே வானம், அதே ஆண்டுகளில், எங்கள் பக்கத்துச் சாயாக்கடைகளில் பாட்டை இறக்கிக்கொண்டிருந்தது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே உள்ளது தனுவச்சபுரம். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சில கல் தொலைவில் களியக்காவிளை, அங்கே தமிழ்நாடு. இக்கோடு விழுந்து பல ஆண்டுகள் கழிந்தபின், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து தனுவச்சபுரத்தில் பலசரக்குக் கடை வைத்தவர் என் தாத்தா. அவர் கொண்டுவந்த சொத்துகள் ஒரு தராசும் ஒரு மர்பி வானொலிப் பெட்டியும்.

படத்தை விரித்து அளந்து பாருங்கள். நேர்கோட்டில் எங்கள் ஊருக்குச் சென்னை 600 கிலோமீட்டருக்கும் அப்பால். கொழும்போ ஏறத்தாழ 350 கிலோமீட்டர்தான்! இடையில் கிடப்பதில் பெரும்பகுதி கடல். எனவே தலைநகரத்துத் தமிழைவிடக் கடல் தாண்டிய தமிழே எங்கள் வீட்டுக்கு அண்டை அயலாயிற்று. காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஒலித்தால்தான் ஆச்சி அடுப்பை மூட்டுவாராம். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' வரும் வேளையில் கடைக்கு வந்தவர்கள் சாமான் வாங்கியும் போகமாட்டார்களாம். என் அத்தையின் பிறந்தநாள் வாழ்த்து ஒருமுறை ஒலிபரப்பானது. திருநெல்வேலி உறவினர் எவருக்கும் வாயில் நுழையாத 'தனுவச்சபுரம்' என்னும் பெயரை, கொழும்பிலிருந்து ஒருவர் ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னாராம். அதைச் சொல்லும்போது ஆச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஈழத்து மெல்லிசையும் அவ்வழியே வந்தது. நாம் 'பாப்' என்பதை அவர்கள் 'பொப்' என்பர். உரும்பிராய் நித்தி கனகரத்தினமும், 'சுராங்கனி' பாடிய ஏ. ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தில் தமிழை ஆடவைத்தார்கள். பீட்டில்ஸைப் பற்றி எதுவும் அறியாத என் ஆச்சி, பொப்பிசையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்.

இதில் வேடிக்கை மட்டுமா இருக்கிறது? நான் படித்தது மலையாள வழிப் பள்ளியில். கடையில் தண்ணீருக்கு 'வெள்ளம்' என்போம். எழுத்தை ஆச்சி கற்றுத் தந்தார். பேச்சை வானொலி கற்றுத் தந்தது. என் காலத்தில் அது பி.பி.சி.யின் 'தமிழோசை'. இரவு 9.15 மணிக்கு வீடே அமைதியாகும். 1941இல் தொடங்கிய அத்தமிழ் ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு வானொலியில் நின்றது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. நின்றுபோயிற்று என்று சொன்ன பிறகும், ஆச்சி பல இரவுகள் அதே நேரத்தில் அதே இடத்தில் முள்ளைத் திருப்பி வைத்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். "மழை அடங்கினால் வரும்" என்பார். நான் இம்மன்றத்தில் முதன்முதல் பேசியபோது, "நீர் யாழ்ப்பாணமோ?" என்று ஒரு நண்பர் கேட்டார். அக்கேள்விக்கு விடை என் ஊர்ப்பெயரில் இல்லை; அந்த மர்பி பெட்டியில் இருக்கிறது.

நண்பர்களே! பிரிட்டனில் ரேடியோ கரோலினைப் பற்றியும் ஜூக் பாக்ஸ் ஜூரியைப் பற்றியும் நூல்கள் வந்துவிட்டன, திரைப்படமும் வந்துவிட்டது. அங்கே துணுக்குகள் வரலாறாகிவிட்டன. நம் துணுக்குகளோ இன்னும் முதியோர் நாவிலேயே இருக்கின்றன. தாத்தா 2019இல் மறைந்தார். எந்த அலைவரிசையில் எந்த மாதத்தில் இலங்கை தெளிவாகக் கேட்கும் என்ற அவருடைய கணக்கு அவரோடு போயிற்று. ஆச்சிக்கு இப்போது செவி மங்கிவருகிறது, நினைவு மங்கவில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறேன். இவ்விடுமுறையில் வீடு செல்லும்போது உங்கள் வீட்டு முதியவர் பக்கத்தில் ஒரு மாலை அமருங்கள். எந்தப் பெட்டி, யார் வீட்டுத் திண்ணை, எந்த நிகழ்ச்சி, யாருக்கு வாழ்த்து எழுதினார்கள் என்று கேட்டு எழுதிவாருங்கள். கைப்பேசியில் குரலையும் பதிந்து வாருங்கள். மூணாற்றிலிருந்து வருபவரும் பாலக்காட்டிலிருந்து வருபவரும் செங்கோட்டையிலிருந்து வருபவரும் தத்தம் பங்கைத் தரட்டும். மன்ற அறையில் இதற்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். முதல் நான்கு பக்கங்கள் தனுவச்சபுரத்துக்கு. ஐந்தாம் பக்கம் காலியாக இருக்கிறது.