சனிக்கிழமை இரவு எட்டு மணி

கட்டுகஸ்தோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன்.

உன் குரல் செய்தி கிடைத்தது. தாத்தாவை உட்கார வைத்துக் காமன் கூத்துப் பாட்டும் பொன்னர் சங்கர் கதையும் லைவில் போடுகிறாய், ஆள் சேரவில்லை, சேனலை வளர்க்க என்ன வழி என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். நீ திரும்ப எடுத்துப் படிக்க வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன். இத்தனை வருஷமாகக் கண்டியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறேன். இப்போது கல்யாணத்தையும் கோயில் தேரையும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு லைவில் காட்டுவதும் என் தொழிலில் சேர்ந்துவிட்டது. அதனால் இதில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன்.

லைவை யாரும் தேடிக் கண்டுபிடித்து வருவது அபூர்வம். எடுத்து ஏற்றி வைத்த வீடியோவுக்கு இன்றைக்கு ஆள் வராவிட்டாலும் அடுத்த மாதம் வரும். லைவ் நடப்பது ஒரு மணி நேரம். அதற்குள் தற்செயலாக உன் பக்கம் வந்து நிற்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்ற எல்லாரும் முன்கூட்டியே தெரிந்து வருகிறவர்கள். ஆகவே ஆள் சேர்க்கிற வேலை லைவுக்கு முந்தின ஆறு நாளில் நடக்க வேண்டும். நீயோ சிக்னல் கிடைத்த நாளில், தாத்தாவுக்கு இருமல் இல்லாத நேரத்தில் ஆரம்பிக்கிறாய். பார்க்க ஆசை உள்ளவர்களுக்குக்கூட நீ எப்போது வருவாய் என்று தெரியாது.

முன்பே நேரம் சொல்லி வைத்தால் என்ன நடக்கும் என்று பார். 2023 ஆகஸ்ட் 23ஆம் திகதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை இஸ்ரோவின் யூடியூப் சேனலில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். மாலை 6.04க்கு இறங்கும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை உட்கார வைத்துக் காத்திருந்தார்கள். நம் ஊரையே எடுத்துக்கொள். 2020இல் கொரோனாவால் எசல பெரஹரா வீதியில் சனம் இல்லாமலே போனது. ஆனாலும் கும்பல் பெரஹரா எந்த நாள், ரந்தோலி எந்த நாள் என்று கண்டிச் சனத்துக்குத் தெரியும். அந்த நாளில் அந்த நேரத்தில் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். நாளும் நேரமும் மனதில் பதிந்துவிட்டால் சனம் தானாக வரும்.

இதை நமக்கு முதலில் காட்டித் தந்தது வானொலி. தாத்தாவிடம் கேட்டால் இரவு முழுக்கச் சொல்வார். உலகப் போர்க் காலத்தில், 1944இல், மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் படையினருக்காக ஏற்படுத்திய வானொலியின் சக்தி மிகுந்த ஒலிபரப்பி எக்கலையில் இருந்தது. 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்து, ரேடியோ சிலோன் என்ற பெயரில் கடல் தாண்டிக் கேட்டது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்த காலத்தில் இந்தியாவே இலங்கை வானொலியைத் திருப்பிக் கேட்டது. பாட்டும் பலமான ஒலிபரப்பியும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தன. ஆனால் அவர்களை வருஷக்கணக்காகப் பிடித்து வைத்தது வேறு. மயில்வாகனனும் ராஜேஸ்வரி சண்முகமும் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் குறித்த நேரத்தில் வந்தார்கள், குறித்த நிகழ்ச்சியைத் தந்தார்கள், கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் வாசித்தார்கள். ‘பொங்கும் பூம்புனல்’ தொடங்கினால் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட நேரமாயிற்று என்று நம் லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தன் பெயர் வருமா என்று தபாலட்டை போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் தோட்டத்திலும் இருந்தார்கள், திருச்சியிலும் இருந்தார்கள். நேரமும் பெயரும். இந்த இரண்டையும் நீ பிடித்துக்கொள். மற்றதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

அடுத்தது, யாருக்காகச் செய்கிறாய் என்பது. ‘எல்லாருக்கும்’ என்று சொல்லாதே. காமன் ஊன்றியதிலிருந்து தகனம் வரை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள், ரதியின் புலம்பலுக்கு அழுதவர்கள், வீரபத்திரன் வரும்போது தாய் மடியில் முகத்தை மறைத்தவர்கள் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறார்கள். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் கோச்சியில் தலைமன்னாருக்குப் போய், கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். நம் சின்னத் தாத்தா குடும்பமும் அப்படித்தான் கோத்தகிரிக்குப் போனது. அவர்களுக்கு வேலை கொடுக்கவே நீலகிரியில் 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றைக்கும் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தோம் என்று சொல்லிக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. இங்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்கள், கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளைகள், வளைகுடாவில் வீட்டு வேலை செய்கிற நம் பெண்கள், இவர்கள்தான் உன் சபை.

லூல்கந்துர பக்கத்தில்தானே இருக்கிறாய். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போட்ட தோட்டம் என்று ஒரு வீடியோ எடுத்துப் போட்டால் சுற்றுலாப் பிரியர்கள் நிறையப் பேர் பார்ப்பார்கள். போடு, தப்பில்லை. ஆனால் அவர்கள் சனிக்கிழமை இரவு தாத்தாவின் பாட்டைக் கேட்க வரமாட்டார்கள். ஆகவே அந்த எண்ணிக்கையைப் பார்த்து உன் வழியை மாற்றிக்கொள்ளாதே.

சனிக்கிழமை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துபாயில் சனியும் ஞாயிறும் விடுமுறை, சவூதியிலும் கட்டாரிலும் குவைத்திலும் வெள்ளியும் சனியும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நாள் சனி. இங்கே எட்டு மணி என்றால் துபாயில் ஆறரை, சவூதியில் ஐந்தரை. நீலகிரிக்கும் நமக்கும் ஒரே நேரம். இங்கேயும் கொழுந்தெடுத்து வந்து, சமைத்து, சாப்பிட்டுவிட்டு உட்காருகிற நேரம் அது. வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு லீவு நாள் என்று ஒன்று சரியாகக் கிடைப்பதில்லை. அவர்களுக்காகப் பதிவை அழிக்காமல் வைத்து, எந்தப் பாட்டு எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்று கீழே எழுது.

இனி அந்த ஆறு நாளில் செய்ய வேண்டியது. ஞாயிற்றுக்கிழமையே அடுத்த லைவை யூடியூபில் நேரம் குறித்து வை. நினைவூட்டல் போட்டுக்கொள்ள அதில் வசதி உண்டு. தலைப்பில் தோட்டத்தின் பெயரையும் கூத்தின் பெயரையும் எழுது. சனம் தேடுவது தன் தோட்டத்தின் பெயரைத்தான். தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடு, இந்தியாவில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் தட்டச்சு வராமல் இருக்கலாம். முந்தின லைவிலிருந்து நல்ல இடமாக ஒரு நிமிஷத்துக்கும் குறைவான துண்டுகளை வெட்டி, புதனும் வெள்ளியும் யூடியூப் ஷோர்ட்ஸிலும் டிக்டொக்கிலும் பேஸ்புக்கிலும் போடு. தாத்தா குரல் உயர்த்துகிற இடம், ஒரு தூதன் பாட்டு, தப்பு அடி மாறுகிற இடம், அப்படி. ஒவ்வொரு துண்டிலும் ‘சனி இரவு எட்டு மணி’ என்ற எழுத்து இருக்கட்டும். சனி காலையில் சொந்தக்காரர் வட்ஸ்அப் குழுக்களுக்கு இணைப்பை அனுப்பு. ஊர்ப்பட்ட குழுக்களில் கொட்டாதே, பாதிப்பேர் எரிச்சலில் உன்னைத் தடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஆர்வமுள்ள ஒருவரைப் பிடித்து, அவர் கையால் அனுப்பச் சொல். அறிந்தவர் அனுப்பினால்தான் திறந்து பார்ப்பார்கள்.

லைவில் உட்கார்ந்ததும் வருகிறவர்களின் பெயரைச் சொல். எந்த ஊர், முன்பு எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்று கேள். தாத்தாவுக்கு அவர்களின் பாட்டனைத் தெரிந்திருக்கும். அவர் ‘அடே, அந்த வீட்டுப் பேரனா’ என்று கேட்டுவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் தன் தகப்பனையும் கூட்டி வரும். ஒரு பாட்டு முடிந்ததும், இதே பாட்டு உங்கள் தோட்டத்தில் எப்படிப் பாடினார்கள் என்று கேள். பதில் எழுதட்டும், குரல் செய்தி அனுப்பட்டும். அடுத்த வாரம் அதைப் போட்டுக் காட்டு. கருத்துப் பகுதியைக் கவனிக்க அக்கா மகனை மட்டறுப்பாளராகப் போட்டுக்கொள். பெண் பிள்ளை முகம் காட்டினால் கண்டதையும் எழுதுகிறவர்கள் வருவார்கள். கெட்ட வார்த்தைகளைத் தடை செய்யவும் வசதி உண்டு. நீ அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எத்தனை பேர் வேண்டும் என்று நீ கவலைப்படுகிறாய். யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரரும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 80 பேர் வந்து ஒரு மணி நேரம் முழுக்க இருந்தால், 52 சனிக்கிழமையில் 4,160 மணி ஆகிறது. லட்சக்கணக்கில் ஆள் வேண்டியதில்லை மகளே, எழுந்து போகாத 80 பேர் போதும். காசு கொடுத்துச் சந்தாதாரர் வாங்கவோ, ‘நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்’ என்ற பேரத்துக்கோ போகாதே. அப்படி வந்தவர்கள் ஒரு நிமிஷமும் பார்க்கமாட்டார்கள், போலிக் கணக்குகளை யூடியூபே கழித்தும் விடும். வாராவாரம் திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை மட்டும் பார்.

சத்தம் முக்கியம். படம் கொஞ்சம் மங்கினாலும் சனம் பொறுக்கும், பாட்டு கேட்காவிட்டால் போய்விடும். தாத்தாவின் சட்டையில் சின்ன மைக்கைக் குத்து. தப்பு அடிக்கிறவரை ஐந்தாறு அடி தள்ளி உட்கார வை. பக்கத்தில் அடித்தால் போன் தானாகச் சத்தத்தைக் குறைத்து, பாட்டையும் சேர்த்து அமுக்கிவிடும். பள்ளத்து லயத்தில் சிக்னல் காணாது, கோயில் மேட்டுக்கு வந்துவிடு. 480 தரத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி டேட்டா போதும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதே. யூடியூப் அதை லைவிலேயே பிடித்து நிறுத்திவிடக்கூடும். அதோடு, தாத்தாவின் குரல் இருக்கும்போது அது எதற்கு?

ஒரு விஷயத்தில் மட்டும் மாமா கண்டிப்பாகச் சொல்கிறேன். லயத்தின் ஒழுகுகிற கூரையையும் பிள்ளைகளின் கிழிந்த சட்டையையும் காட்டி ஆள் சேர்க்கிற வீடியோக்கள் பெருகிவிட்டன. அவற்றுக்குப் பார்வை வேகமாக வரும். யாராவது உனக்கும் அந்த யோசனையைச் சொல்வார்கள். செய்யாதே. வீட்டுப் பிரச்சினையைப் பேச வேண்டுமானால் அந்த வீட்டுக்காரரே முன்வந்து, உரிமையோடு பேசட்டும். அழுகிற முகத்தை நாம் விற்கக்கூடாது. இருநூறு வருஷமாக நம்மைப் பற்றி மற்றவர்கள் சொன்னது பெரும்பாலும் நம் துன்பம்தான். நீ காட்டுவது நம் கலை. விடிய விடிய நடக்கிற ஒரு கூத்தை எழுத்தில் இல்லாமல் நெஞ்சில் வைத்துக் காப்பாற்றியவர்கள் நம் வாத்தியார்மார். அந்தப் பெருமையோடு உட்கார். கூத்தை எடுக்கும்போது கோயில் கமிட்டியிடமும் ஆடுகிறவர்களிடமும் முதலில் அனுமதி கேள்.

மாசி வருகிறது. தகனத்தன்று இரவு முழுக்க லைவ் போட எனக்கும் ஆசைதான். ஆனால் 12 மணி நேரத்துக்கு மேல் போகும் லைவை யூடியூப் தானாகச் சேமிக்காது. இரண்டு பகுதியாகப் பிரித்துப் போடுவோம். பேஸ்புக்கில் 2025 பெப்ரவரியிலிருந்து லைவ் பதிவுகள் 30 நாள்தான் இருக்கும், பிறகு அழிந்துவிடும். அங்கே போட்டதையெல்லாம் உடனே இறக்கி வை. என்னிடம் ஒரு பிரதி, உன்னிடம் ஒரு பிரதி. தாத்தாவுக்கு வயதாகிறது. எண்பது பேர் வந்தாலும் எட்டுப் பேர் வந்தாலும், அவர் நெஞ்சில் உள்ள பாட்டு முழுவதும் இந்த வருஷத்துக்குள் பதிவாகிவிட வேண்டும். நீ சேனலை வளர்ப்பதை நான் இவ்வளவு விரும்புவதற்கு அதுதான் காரணம். கேட்கிறவர் இருந்தால்தான் அவருக்குப் பாட மனம் வரும். கோத்தகிரியிலிருந்து ஒருவர் ‘அந்த அடியை இன்னொரு முறை’ என்று கேட்டால், மறந்துபோன அடிகூட அவருக்கு நினைவு வரும்.

வருகிற சனி காலை கலஹா வழியாகத் தெல்தோட்டை பஸ் ஏறி வந்துவிடுகிறேன். மைக்கும் போன் வைக்கிற முக்காலியும் ஒரு பவர் பேங்க்கும் கொண்டுவருகிறேன். நீ இன்றைக்கே நேரத்தைக் குறித்து அறிவித்துவிடு. கோத்தகிரிச் சித்தப்பாவுக்கு நான் இன்று இரவே சொல்கிறேன். தாத்தாவுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடு, வெள்ளிக்கிழமை அதிகம் பேச விடாதே. அக்காவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
மாமா