காம்பைப் பார்க்க மறந்தவன்

அலிப்பூர் தேசிய நூலகத்திலிருந்து திரும்பும் வழியில், ஆதிகங்கைக் கரையில் அண்மையில் கிளறப்பட்ட ஈரமண்ணில் ஒரு செடி படர்ந்திருந்தது. எதிரெதிரான இலைகள், வெண்ணிறப் பூங்கொத்துகள். பொன்னாங்கண்ணி என்று ஐயமின்றி முடிவுசெய்தேன். இரவுச் சமையலுக்கு ஒரு பிடி பறித்து, படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். மறுமொழி ஒரு கேள்வியாக வந்தது: “பொன்னாங்கண்ணிப் பூ தண்டோட ஒட்டிக்கிட்டுல்ல இருக்கும்? இதுக்கு ஏன் இவ்வளவு நீளமாக் காம்பு?”

தாவரவியல் ஆய்வாளன் நான், வெட்கமாக இருந்தது. பொன்னாங்கண்ணியின் அறிவியல் பெயர் ஆல்டர்னாந்திரா செசிலிஸ். ‘செசிலிஸ்’ என்றாலே காம்பற்றது என்று பொருள். அதன் பூங்கொத்துகள் இலைக்கோணத்திலேயே ஒட்டியிருக்கும். என் கையிலிருந்ததில் அவை சில சென்டிமீட்டர் நீளக் காம்பின் நுனியில் தனித்து நின்றன. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆல்டர்னாந்திரா பிலாக்சிராய்டிஸ். ‘அலிகேட்டர் வீட்’ என்று உலகெங்கும் அஞ்சப்படும் களை. இலையின் அளவும் தண்டின் உட்புழையும் ஈரத்துக்கேற்ப மாறுபவை. அவற்றை மட்டும் நம்பி முடிவுசெய்ய இயலாது. பூக்காத செடியாயின் பெயர் சூட்டாமல் காத்திருப்பதே முறை.

இம்மயக்கம் எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர் பலர், தம் நாட்டில் ‘முகுணுவென்ன’ எனப்படும் பொன்னாங்கண்ணியென்று நம்பி, இக்களையை வீட்டுத் தோட்டங்களில் வளர்த்துச் சமைத்து வந்தனர். 1990களில் இது தெரியவந்தபின், அங்குள்ள அறிஞர்கள் அவர்களைக் கடிந்துகொள்வதோடு நிற்கவில்லை. அந்நாட்டில் இயல்பாக வளரும் ஆல்டர்னாந்திரா டெண்டிகுலேட்டாவை மாற்றுக் கீரையாக அளித்தனர். உண்பவரின் தேவையையும் மதித்த அடையாளங்காணல் அது.

நம் நாட்டில் இச்செடி பெரும்பாலும் விதையால் பரவுவதில்லை. கணுவுள்ள ஒரு துண்டுத் தண்டு ஈரத்தில் விழுந்தால் போதும், வேர்விடும். ஆகவே பறித்ததைக் கரையிலேயே எறிய மனம் வரவில்லை. சமைக்கவும் இயலாது: கழிவுநீர் கலக்கும் மண்ணிலிருந்து உலோகங்களை ஈர்க்கும் செடி இது, அவ்விடத்தில் விளைந்தது உண்மையான பொன்னாங்கண்ணியே ஆயினும் உண்ணத்தக்கதன்று.

பூவுள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கிடையில் வைத்து அழுத்தினேன். மற்றவற்றை மொட்டைமாடியில் முற்றிலும் காயவிட்டேன். கணு ஏதேனும் பச்சையாக எஞ்சியிருக்கிறதா என்று நாள்தோறும் பார்த்து வருகிறேன்.