சுவிட்சிடம் முதலில் கேளுங்கள்

எங்கள் வீட்டில் சுவிட்ச் என்றால் சுவரில் இருக்கிற லைட் சுவிட்ச்தான். மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அம்மா "கொம்பியூட்டர்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவா. நான் வேலை செய்கிற சுவிட்ச் பீட்சாப் பெட்டி அகலத்தில் ஓர் இரும்புப் பெட்டி. முன்பக்கத்தில் 24 அல்லது 48 போர்ட்கள். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் கல்லூரியில் வகுப்பறைக் கணினி, வைஃபை, சுவரில் தொங்கும் தொலைபேசி எல்லாம் போய்ச் சேருவது இந்தப் பெட்டிகளில்தான். மொத்தம் எழுபதுக்கு மேல். பூட்டிய சின்ன அறைகளுக்குள் இரைந்துகொண்டு இருக்கும்.

போன வருடம் எங்களுக்கு வந்த வேலை இதுதான்: எல்லாத் தொலைபேசிகளையும் புது வீலான் ஒன்றுக்கு மாற்ற வேண்டும். வீலான் என்பது ஒரே கேபிளுக்குள் தனித்தனிப் பாதைகள் போடுவது போல. தொலைபேசிக்கு ஒரு பாதை, மாணவர்களுக்கு ஒன்று, கமராவுக்கு ஒன்று. சுவிட்சுக்கு அது வெறும் எண், 1 முதல் 4094 வரை. வேலை சின்னது. ஆனால் அந்தச் சுவர்த் தொலைபேசிகளில்தான் அவசரத்துக்கு 911 அடிப்பார்கள். பிழைத்தால் ஒரு கட்டடமே ஊமையாகிவிடும்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு தமிழர். அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், நான் மட்டும் "அண்ணை" என்பேன். இருபது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு சுவிட்சாக உள்ளே போய்க் கையால் தட்டச்சுச் செய்தே எல்லாவற்றையும் மாற்றியவர். நான் பைத்தனில் செய்வோம் என்றேன்.

உங்களில் கனபேர் பள்ளிக்கூடத்தில் பைத்தன் படித்திருப்பீர்கள். அது தெரிந்தால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். மீதிக்கு நெட்மிகோ என்று ஓர் இலவச லைப்ரரி இருக்கிறது. கிர்க் பையர்ஸ் என்பவர் தொடங்கியது. அதற்கு அடியில் வேலை செய்வது பாராமிகோ, பூட்டுப்போட்ட எஸ்எஸ்எச் இணைப்பை அதுதான் திறக்கிறது. எஸ்பெராண்டோ மொழியில் சந்தேகப் பிராணியையும் நண்பனையும் குறிக்கிற சொற்களைச் சேர்த்து வைத்த பெயராம் அது. நெட்வேர்க் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

நெட்மிகோவின் திறமை சுவிட்சோடு மனிதரைப் போலக் கதைப்பதில் இருக்கிறது. சுவிட்சின் கட்டளைத் திரை மனிதருக்காகச் செய்தது. நீளமான பதில் என்றால் ஒரு பக்கம் காட்டிவிட்டு "மோர்" என்று போட்டு, நீங்கள் ஸ்பேஸ் தட்டும்வரை நிற்கும். ஸ்கிரிப்டுக்கு ஸ்பேஸ் தட்டத் தெரியாது. நெட்மிகோ உள்ளே போனதும் முதல் வேலையாக அந்தப் பக்கம்பக்கமாக நிறுத்துகிற வழக்கத்தை நிறுத்திவிடும். பிறகு கேள்வியை அனுப்பும், வரி முடிவில் சுவிட்சின் பெயரும் குறியும் திரும்ப வரும்வரை காத்திருக்கும். சிஸ்கோவுக்கு ஒரு பேச்சு, ஜூனிபருக்கு ஒரு பேச்சு, அரிஸ்டாவுக்கு இன்னொன்று. எந்த வகைப் பெட்டி என்று சொல்லிவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். சின்ன வயதில் அப்பம்மாவோடு டொக்டரிடம் போய் மொழிபெயர்த்தவர்களுக்கு இந்த வேலை நன்றாக விளங்கும். எப்போது அவர் சொல்லி முடித்தார் என்று தெரிவதுதான் அதில் கஷ்டம்.

நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் நாற்பது வரிகூட இல்லை. பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் போ, 1 முதல் 48 வரை உள்ள போர்ட்களைப் புது வீலானுக்கு மாற்று, 49ஆவது போர்ட்டில் புது எண்ணைச் சேர், வெளியே வா. 49 என்பது மேலே போகிற ஃபைபர் வழி, வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. அண்ணை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இது எந்த வழியால உள்ள வந்தது எண்டு இதுக்குத் தெரியுமோ?"

அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னை விடவில்லை. ஸ்கிரிப்ட் சுவிட்சுக்குள் போவதும் ஒரு கேபிள் வழியாகத்தான். அந்தக் கேபிள் இருக்கிற போர்ட்டையே மாற்றினால் இருந்த கொப்பை வெட்டிய கதைதான். இணைப்பு அறுந்துவிடும், பிறகு ஒருவர் கொன்சோல் கேபிளோடு அந்த அறைக்கு நடக்க வேண்டும். கையால் செய்கிறவர் முதலாவது சுவிட்சில் இதைக் கண்டு நிறுத்திவிடுவார். பிழை வந்தாலும் தொடரும்படி எழுதிய ஸ்கிரிப்ட் நிற்காது, அடுத்ததற்குப் போய்விடும்.

சிஸ்கோவில் இன்னொரு பொறியும் இருக்கிறது. மேலே போகிற போர்ட்டில் எந்தெந்த வீலான் போகலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது "ஆட்" என்ற சொல்லை விட்டுவிட்டால், சுவிட்ச் பழைய பட்டியலை அழித்துவிட்டு நீங்கள் சொன்ன ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். மூன்றெழுத்துக் கட்டளைச் சொல் ஒன்று. உறுதியா என்று கேட்கக்கூட மாட்டாது.

ஆகவே மாற்றுகிற பகுதியைத் தூக்கி வைத்துவிட்டு, கேட்கிற பகுதியை மட்டும் எழுதினேன். ஒவ்வொரு சுவிட்சிடமும் வரிசையாக: உன்னுடைய கேட்வே எது? அதன் மாக் முகவரி என்ன? அந்த முகவரியை எந்தப் போர்ட்டில் பார்த்தாய்? மூன்றாவது பதிலில் வருகிற போர்ட்தான் நாம் உள்ளே வந்த வழி. வேறு எதையும் நம்பத் தேவையில்லை, சுவிட்சே சொல்லிவிடுகிறது. கேட்பதால் ஒன்றும் உடையாது, பட்டப்பகலில் மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே ஓடவிட்டேன். சில நிமிடத்தில் எழுபது பதில்களும் வந்தன.

எல்லாம் 49. இரண்டைத் தவிர. பழைய கட்டடம் ஒன்றில் இரண்டு சுவிட்சுகள் 47 என்றன.

முதலில் நம்பவில்லை, திரும்பவும் கேட்டேன். அதே பதில். 47 சாதாரணச் செம்புக் கேபிள் போர்ட். என் முதல் ஸ்கிரிப்டுக்கு அது இன்னொரு தொலைபேசி போர்ட்தான். அதைத் தொட்டிருந்தால் அந்தக் கட்டடத்தின் இரண்டு தளங்கள் போயிருக்கும்.

ஏன் 47 என்று சுவிட்சிடம் கேட்க முடியாது. அண்ணையிடம் கேட்டேன். மேசை லாச்சியில் இருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்தார். ஒருமுறை கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து ஃபைபர் பழுதாகியது. பக்கத்து அறை 100 மீற்றருக்குள் இருந்ததால் அங்கிருந்து செம்புக் கேபிள் இழுத்தார்கள். செம்பு அதற்கு மேல் ஓடாது. "தற்காலிகம்" என்று அவரே கையால் எழுதியிருந்தார். பக்கத்தில் திகதி. நான் அப்போது ஏழாம் வகுப்பு.

மாற்றிய இரவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உள்ளே வந்த போர்ட்டை ஸ்கிரிப்ட் தானே கண்டுபிடித்து, அதில் "ஆட்" மட்டும் சொன்னது. அதற்கு முன்னால் ஒவ்வொரு சுவிட்சிலும் 15 நிமிடத்தில் தானாக ரீலோட் ஆகும்படி வைத்தோம். இது அண்ணையின் பழைய பழக்கம். மாற்றம் சேமிக்கப்படாமல் இருக்கும்வரை, இணைப்பு அறுந்தாலும் சுவிட்ச் தானே எழும்பிப் பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரி என்றால் ரீலோடை நிறுத்திவிட்டுச் சேமிக்கலாம். ஜூனிபரில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு, பத்து நிமிடத்தில் நீங்கள் உறுதி சொல்லாவிட்டால் தானே பின்வாங்கும். முதலில் ஒரு சுவிட்ச், பிறகு ஒரு கட்டடம், பிறகு மற்றவை. விடிய நான்கு மணிக்கு அண்ணை வகுப்பறை ஒன்றில் இருந்து என் கைபேசிக்கு அடித்து, "கேக்குதோ?" என்றார்.

அண்ணை அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். கொப்பியும் அவரோடு போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்தது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பக்கம் பக்கமாக வாசிக்கிறார், நான் ஒரு எக்செல் தாளில் எழுதுகிறேன். எந்தச் சுவிட்ச், எந்தப் போர்ட், என்ன காரணம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் "டிஸ்கிரிப்ஷன்" என்று ஒரு குறிப்பு எழுதலாம். ஸ்கிரிப்ட் அந்தத் தாளை வாசித்து அதில் போட்டுவிடுகிறது.

உங்களுக்கு இதைப் பழகிப் பார்க்க ஆசை இருந்தால் அங்கேயே தொடங்குங்கள். பழைய சிஸ்கோ 2960 ஒன்று செக்கன்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைக்கும், கொஞ்சம் சத்தம் போடும். முதல் கிழமை கேள்வி மட்டும் கேளுங்கள். பிறகு டிஸ்கிரிப்ஷன் மாற்றுங்கள், அதில் பிழை விட்டாலும் யாருடைய இணைப்பும் போகாது. நாங்கள் கொப்பியில் இன்னும் பாதிகூட முடிக்கவில்லை. மழைத்தண்ணீர் பட்ட பக்கங்களில் சில எழுத்துகள் அண்ணைக்கே விளங்கவில்லை.