ஒன்று, இரண்டு, க்யூ

1 முதல் 5 வரை வேலைகள், சேமிக்க எஸ், வெளியேற க்யூ. இப்படி எண்ணும் எழுத்தும் கலந்த மெனுவை எழுதுவது எனக்கு இன்றும் பிடித்த வேலை. நிரலோடு மனிதர் பேசும் முதல் இடம் அதுதான்.

சி மொழி பயில்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குவார்கள். ஸ்கேன்எஃப் முழு எண்ணுக்குக் காத்திருக்கும்; பயனர் க்யூ அடிப்பார். எண் கிடைக்காததால் அது 0 என்று திருப்பிவிட்டு, க்யூவை பஃபரிலேயே விட்டுவிடும். அடுத்த சுற்றிலும் அதே க்யூ. மெனு நிற்காமல் திரையில் ஓடும். ஒற்றை எழுத்தாக வாங்கினால் 9 வரை தப்பிக்கலாம். 10 அடித்தால் 1 மட்டும் உள்ளே போகும், 0 அடுத்த தேர்வாகிவிடும்.

நான் முழு வரியையும் எழுத்தாகவே வாங்குவேன். சியில் எஃப்கெட்ஸ், பைத்தானில் இன்புட். வரிமுடிவையும் முன்பின் இடைவெளியையும் நீக்கி, சிறிய எழுத்தாக்கி, அப்படியே ஒப்பிடுவேன். 3ஐ எண்ணாக மாற்றுவதே இல்லை. சென்னையில் 21ஜி பேருந்தின் எண்ணை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை; மெனுவில் உள்ள 3ம் அப்படி ஒரு பெயர்தான். பைத்தானில் தேர்வுகளை ஒரே டிக்‌ஷனரியில் வைத்து, திரைக்கான பட்டியலையும் அதிலிருந்தே அச்சிடுவேன். புதிய தேர்வைச் சேர்த்துவிட்டுத் திரையில் காட்ட மறக்கும் பேச்சே இல்லை. எல், ஓ இரண்டையும் தேர்வாக வைக்க மாட்டேன். 1, 0 என்று கண் ஏமாறும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ்99 விசைப்பலகை இயங்கும்போது க்யூ விசையை அழுத்தினால் 'ஆ' வரும். அவர் அழுத்தியது சரியான விசைதான். அதனால் 'ஆ'வையும் வெளியேறும் தேர்வாகச் சேர்த்துவிடுவேன். '௩' என்று தமிழ் எண்ணை அடித்தால் பைத்தானின் இன்ட் அதை 3 என்றே எடுத்துக்கொள்ளும். எழுத்தாக ஒப்பிடும் என் முறை எடுக்காது. அதற்காக முறையை மாற்ற மாட்டேன், '௩'ஐயும் பட்டியலில் சேர்ப்பேன்.

பட்டியலில் இல்லாதது வந்தால் "தவறு" என்று மட்டும் சொல்வது மரியாதையல்ல. "'7' என்ற தேர்வு இல்லை" என்று அடித்ததையே காட்டி, இருப்பவற்றையும் சொல்ல வேண்டும். வெறும் என்டர் எந்த வேலையையும் தொடங்கக் கூடாது. உள்ளீடே முடிந்துபோனால் எஃப்கெட்ஸ் வெற்றுச் சுட்டியைத் திருப்பும், பைத்தான் பிழை எழுப்பும். இரண்டையும் க்யூவாகவே கொள்வேன். சியில் அதைக் கவனிக்காமல் விட்டால், முடிவில்லாத அந்தச் சுற்று வேறு வழியாகத் திரும்ப வந்துவிடும்.