இரண்டு ஏர்போர்ட்டும் ஒரு கணக்கும்

தர்மபுரிக்கு ஏர்போர்ட் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரே நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி இரண்டு இருக்கின்றனவே! தெற்கே தொப்பூர் கணவாய் இறங்கினால் ஓமலூர் பக்கம் காமலாபுரம். வடக்கே பெங்களூரைத் தாண்டி தேவனஹள்ளி. நடுவில் நாம்.

காமலாபுரம் 1993-லேயே வந்தது. ஆனால் பல வருஷம் விமானமே வராமல் கிடந்தது. 2018-ல் சென்னைக்கு விட்டார்கள், அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் பெங்களூரிலிருந்து வர ஆரம்பித்தது. தேவனஹள்ளி 2008 மே மாதம் திறந்தது. அதற்கு முன்பிருந்த எச்.ஏ.எல். ஏர்போர்ட் நமக்குக் கொஞ்சம் பக்கம். புதுசு ஊருக்கு மறுகோடி, சிட்டியைக் கடந்துதான் வரணும்.

இதெல்லாம் எனக்கு ஏன் தெரியும் என்றால், போன வருஷம் நல்லம்பள்ளி பக்கம் எங்கள் ஆயா இறந்துபோனது. ஒரே மகன், என் மாமா, துபாயில் கம்பி கட்டும் வேலை. போனில், "எப்படி வந்தா சீக்கிரம்டா மாப்ள?" என்று கேட்டார். அப்பா உடனே, "அவன் படிக்கிறவன், அவன் சொல்றதக் கேளு" என்றார். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என்னைக் கேட்டு ஒரு காரியம் நடப்பது அதுதான் முதல் தடவை.

பேப்பர் எடுத்தேன். ரோட்டில் சுமார் 220 கிலோமீட்டர், சில்க் போர்டு நெரிசல் வேறு. வானத்தில் நேர்கோடு போட்டால் 160 தான். சின்ன ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 போகும். தூரம் வகுத்தல் வேகம், இருபதே நிமிஷம்! "சேலம் ஃபிளைட்டுக்கும் சேத்துப் போடுங்க மாமா" என்றேன். அவரும் போட்டுவிட்டார்.

டிக்கெட்டை அனுப்பிய பிறகுதான் நேரத்தைப் பார்த்தேன். தேவனஹள்ளியில் இறங்குவது விடியற்காலை. சேலம் விமானம் மதியம். இருபது நிமிஷம் என்று நான் போட்டதற்கு டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, சுற்றி இறங்குவது எதையும் நான் சேர்க்கவில்லை.

விடியற்காலை மாமா இறங்கியதும் போன் பண்ணினார். "டாக்ஸி புடிச்சிடவாடா?" அந்த நேரத்தில் ரோடு காலியாக இருக்கும், பத்து மணிக்குள் வீட்டு வாசலில் இருப்பார். எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் சுற்றி அப்பாவும் பங்காளிகளும் நிற்கிறார்கள். என் கணக்கு தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. "வேணாம் மாமா, டிராஃபிக்ல மாட்டிக்குவீங்க" என்றேன்.

ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு பெரியவர்கள் பன்னிரண்டு மணி வரை பார்த்தார்கள். அப்புறம் முடியாது என்றுவிட்டார்கள். மகன் தூக்கவேண்டிய கொள்ளிக்குடத்தைப் பேரன் நான் தூக்கினேன்.

மாமா வரும்போது மூன்று மணி. திட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். "மேல இருந்து பாத்தா தொப்பூர் மலையெல்லாம் தெரிஞ்சுதுடா மாப்ள. ஊரு கிட்டத்துலதான் இருந்துச்சு" என்றார்.

அந்தக் காலை போன் விஷயத்தை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.