போயிட்டு வாறோம்

வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போறேன்" என்று சொன்னால் நம் மூத்தவர்களுக்குப் பிடிக்காது. "போயிட்டு வாறேன்" என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார்கள். போவதைச் சொல்லும்போதே திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். பயணத் திட்டம் போடுவதற்கும் இதைவிட நல்ல பாடம் இல்லை என்பதைக் கடந்த சில வாரங்களாக எங்கள் சாப்பாட்டு மேசையில் கண்டு வருகிறேன்.

நாங்கள் இங்கிலாந்தில் வசிக்கிறோம். இன்ஷா அல்லாஹ், வருகிற ஜூலையில் ஐஸ்லாந்தின் வடபகுதிக்குப் போய், அங்கே காரில் சுற்றிப் பார்க்க எண்ணியிருக்கிறோம். கணவர், பதினேழு வயது மகன், ஒன்பது வயது மகள், எங்களோடு இருக்கும் எழுபது தாண்டிய என் உம்மா, நான் என ஐந்து பேர்.

ஐஸ்லாந்து இலங்கையைவிட ஒன்றரை மடங்கு பெரிய தீவு. ஆனால் சனத்தொகை நான்கு இலட்சத்துக்கும் குறைவு. பூமியின் இரண்டு பெரும் தட்டுகள் விலகிச் செல்லும் கோட்டின் மேல் அது அமைந்திருப்பதால், எரிமலையும் வெந்நீர் ஊற்றும் அங்கே ஏராளம். தீவைச் சுற்றி ஓடும் முதலாம் இலக்க வீதி 1974 இல்தான் முழு வட்டமானது. நீளம் சுமார் 1,300 கிலோமீற்றர். 1996 இல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய தண்ணீர் அந்த நவம்பரில் பெருவெள்ளமாகப் பாய்ந்து, தெற்குப் பகுதியில் அவ்வீதியின் பாலங்களை அடித்துச் சென்றது. அப்படியான மண்ணில் வீதி என்பது மனிதன் வைத்த ஆசைதான்.

மகன் போட்ட முதல் திட்டம் ஏழு நாளில் முழு வட்டம். தார் வீதியில் மணிக்கு 90 கிலோமீற்றர், கிரவல் வீதியில் 80 என்பது அங்குள்ள வேக எல்லை. அந்தக் கணக்கில் வகுத்து, நாளுக்கு இத்தனை மணித்தியாலம் என்று அழகாக எழுதி வந்தான். ஒற்றைத் தடப் பாலங்களும், வீதிக்குக் குறுக்கே ஓடும் ஆடுகளும், கார்க் கதவையே மடக்கிவிடும் காற்றும் அவன் கணக்கில் இல்லை. உம்மா தாளைப் பார்த்துவிட்டு, "எங்க நிப்பாட்டி ஒழுச் செய்யிற? எங்க நான் காலை நீட்டுற?" என்று கேட்டார். அத்தோடு வட்டம் போய்விட்டது.

இப்போது வடக்கு மட்டும்தான். ரெய்க்யாவிக் நகரிலிருந்து அகுரேரிக்கு ஏறக்குறைய 390 கிலோமீற்றர். அங்கே ஓர் இரவு. பிறகு மீவாட்ன் ஏரிக்கரையில் ஒரே வீட்டில் நான்கு இரவு. சமையலறை உள்ள வீடாகத் தேடுகிறோம். மீனும் முட்டையும் அங்கே வாங்கலாம். அரிசியும் தூளும் இங்கிருந்து போகும். கம்பு போன்ற 'ரை' என்ற தானிய மாவைப் பாத்திரத்தில் அடைத்துச் சூடான மண்ணுக்குள் புதைத்து, ஏறக்குறைய ஒரு நாள் கழித்து ரொட்டியாக எடுக்கும் வழக்கம் அவ்வூரில் உண்டு. அடுப்பும் இல்லை, விறகும் இல்லை! இதைக் கேட்டதிலிருந்து உம்மாவுக்கும் பயணத்தில் ஆசை வந்துவிட்டது. ஆனால் அதே சூட்டில் சேறு கொதிக்கும் இடங்களும் அருகில் உள்ளன. மேலோடு மெல்லியது. கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டினால் கால் வெந்துவிடும். ஆகவே சின்னவளின் கை எப்போதும் யார் கையில் இருக்க வேண்டும் என்பதும் திட்டத்தில் எழுதப்பட்டுள்ளது.

ஜூலைத் தொடக்கத்தில் அங்கே சூரியன் நள்ளிரவுக்குப் பின் மறைந்து, சற்று நேரத்தில் மீண்டும் உதித்துவிடும். முழு இருட்டு என்பதே இல்லை. தொழுகை நேரங்களை ஓர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்து வைத்துள்ளோம். சின்னவள் தூங்குவதற்காகத் தடித்த கறுப்புத் துணியும் பெட்டிக்குள் போகிறது.

ஒரு நாள் மகன், விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கிரிண்டாவிக் ஊரைப் பற்றி வாசித்துக் காட்டினான். 2023 நவம்பர் 10 இரவு, நிலத்துக்கடியில் எரிகுழம்பு நகர்ந்ததால், சுமார் 3,800 பேர் கொண்ட அந்த ஊர் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள். பிறகு பொருட்களை எடுக்கச் சிறிது நேரம் மட்டுமே விட்டார்கள். 2024 ஜனவரியில் எரிகுழம்பு ஊருக்குள் வந்து மூன்று வீடுகளை எரித்தது. உம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தச் சனம் என்னத்த எடுத்துக்கொண்டு வந்திச்சு?"

எனக்குப் பேச்சு வரவில்லை. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களில் நாங்களும் அடக்கம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பயணத்துக்குத் திட்டமும் இல்லை, திரும்பும் திகதியும் இல்லை. எரிமலை வேறு, மனிதன் செய்தது வேறுதான். ஆனால் வீட்டுக் கதவைப் பூட்டிய கை ஒன்றுதான். ஒரு பயணத்தை மாதக்கணக்கில் இருந்து யோசிப்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்பதை அன்றிரவு உணர்ந்தேன்.

மகனுக்கு இன்னும் ஓர் ஆசை இருந்தது. அதன் பெயர் அஸ்க்யா. தீவின் நடுவே கறுப்புப் பாலைவனத்துக்குள் இருக்கும் எரிமலை அது. சந்திரனுக்குப் போகும் அமெரிக்க விண்வெளி வீரர்கள் 1965 இலும் 1967 இலும் அப்பகுதியில் பயிற்சி பெற்றார்கள். அதற்குப் போகும் மலைநாட்டுப் பாதைகள் கோடையில் சில வாரங்கள்தான் திறந்திருக்கும். நாற்சக்கர இயக்க வாகனம் கட்டாயம். பாலமில்லாத ஆறுகளை வண்டியோடு கடக்க வேண்டும். ஆற்றில் வண்டிக்கு ஏற்படும் சேதத்தை வாடகைக் கார்க் காப்புறுதி பொதுவாக ஏற்பதில்லை.

1907 இல் வால்டர் வொன் க்னேபெல், மாக்ஸ் ருட்லொஃப் என்ற இரு ஜெர்மானியர்கள் அஸ்க்யாவின் ஏரியில் படகில் போய்க் காணாமற்போனார்கள். அடுத்த கோடையில் க்னேபெலுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த இனா வொன் குரும்ப்கோ என்ற பெண் அவரைத் தேடிக் குதிரையில் அவ்வளவு தூரம் வந்தார். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. ஏரிக்கரையில் நினைவுக் கற்குவியல் ஒன்றை எழுப்பிவிட்டுத் திரும்பினார்.

இதைக் கேட்ட பின்தான் உம்மா தீர்ப்புச் சொன்னார். நாங்கள் வண்டியை ஆற்றில் இறக்குவதில்லை. மீவாட்னிலிருந்து உள்ளூர்ச் சாரதிகள் பெரிய வண்டிகளில் அழைத்துப் போவார்கள். அதில் மகனும் நானும் போவது. உம்மாவும் சின்னவளும் கணவரும் ஏரிக்கரையில் இருப்பது. "உம்மாவை விட்டுவிட்டா?" என்று தயங்கினேன். "நான் ரொட்டி பார்த்துக்கொண்டு இருப்பன். நீ போயிட்டு வா மகள்" என்றார்.

பயணம் போக எண்ணும் சகோதரிகளே, எங்கள் கொப்பியில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வரி இருக்கிறது. எங்கே போவது என்பது ஒன்று. முடியாவிட்டால் எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்புவது என்பது மற்றது. ஒரு நாள் முழுவதும் வெறுமையாக விடப்பட்டுள்ளது. காலையில் வானிலையையும் வீதி நிலையையும் பார்க்காமல் வண்டி நகராது. அவசர இலக்கம் 112 என்பது சின்னவளுக்கும் மனப்பாடம். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டால், வழியில் கணவன் மனைவி வாக்குவாதமும் குறையும்.

உம்மாவின் விசா இன்னும் வரவில்லை. முழங்காலுக்கு மருத்துவரின் சம்மதமும் வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவது என்றும் எழுதியாகிவிட்டது. கொப்பியில் எல்லாம் பேனையால் இருக்க, அஸ்க்யா நாளை மட்டும் மகன் தானாகவே பென்சிலால் எழுதியிருக்கிறான்.